டைகர் டாங்கி மாடல்: சாந்து பூசுவதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி, இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியான டைகர் 1-இன் தன் முதல் மாடலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 1:35 அளவு, வேலையும் சுத்தம். பீடத்தில் 'குர்ஸ்க், ஜூலை 1943' என்று எழுதியிருந்தது. டாங்கியின் உடம்பு முழுக்க வரிவரியாக சிம்மரிட் சாந்து! நான் பல வருஷத்துக்கு முன் அடித்த அதே கூத்து. பசை வழிவது, டீகால் (ஒட்டும் சின்னங்கள்) சுருங்குவதெல்லாம் பட்டால் தானாகத் தெரிந்துவிடும். இது அப்படித் தெரியாது.

சிம்மரிட்

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் பூசிய சாந்து இது. பேரியம் சல்பேட், மரத்தூள், பசை எல்லாம் சேர்ந்த கலவை. காந்தத்தை விரட்டும் சக்தி எதுவும் அதற்கு இல்லை. இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடும், அவ்வளவுதான். டைகர்களுக்கு அதைப் பூச ஆரம்பித்தது 1943 ஆகஸ்ட் கடைசிவாக்கில். ரஷ்யாவின் குர்ஸ்க் சண்டை தொடங்கியதோ அதே வருஷம் ஜூலை 5. அங்கே போன டைகர்களில் சிம்மரிட்டுக்கு வழியே இல்லை.

எனக்கு இது தெரியாது. இரண்டு கலவை எபாக்ஸி புட்டியைப் பிசைந்து, ஈர விரலால் மெல்லிசாகத் தேய்த்து, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு வரியாக அழுத்தினேன். ஆறு வாரம், ராத்திரி ராத்திரியாக. முடித்ததும் மூத்த மாடலர் ஒருவரிடம் காட்டினேன். "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சரி, பீடத்தில் பெயரை மாற்றி 'நார்மண்டி, 1944' என்று போட்டுவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் நடக்காது. என் கிட்டில் கமாண்டர் தலை நீட்டும் குபோலா பழைய டிரம் வடிவம். 1943 ஜூலையிலிருந்தே ஆலையில் தட்டையான புது குபோலா வந்துவிட்டது. அதாவது புதிதாக ஆலையை விட்டு வந்த டைகரில் டிரம் குபோலாவும் சிம்மரிட்டும் சேர்ந்தே இருக்காது. சுரண்டிப் பார்த்தேன், புட்டியோடு வெல்டிங் கோடுகளும் கையோடு வந்தன. கிட் போன காசைவிட அந்த ஆறு வாரம்தான் இன்றும் எரிச்சல்.

ஆகவே முதலில் சண்டையின் தேதி, அப்புறம் அந்த டாங்கி ஆலையிலிருந்து வந்த மாதம், அதற்கப்புறம்தான் புட்டி. இரண்டு தேதியும் ஒன்றல்ல. 1944-இல் சண்டை போட்ட டாங்கி 1943-இல் செய்ததாக இருக்கலாம்.

சக்கரம்

ரப்பர் விளிம்பில்லாத இரும்புச் சக்கரம் டைகரில் வந்தது 1944 பிப்ரவரியில். குர்ஸ்கில் வேண்டாம்.

மியூசியம் டாங்கி

இங்கிலாந்தின் போவிங்டனில் இருக்கும் 'டைகர் 131' அருமையான ஆதாரம். ஆனால் 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட டாங்கி அது. பின்பக்க ஏர் ஃபில்டர், டிரம் குபோலா எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம். அதைப் பார்த்து நார்மண்டி டைகர் செய்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராகப் பார்க்கிறேன்.

நிறம்

1943 பிப்ரவரியிலிருந்து அடிநிறம் மங்கல் மஞ்சள். குர்ஸ்குக்குச் சாம்பல் அடிக்காதீர்கள்.

பெட்டி மேல் படம்

அது விற்பதற்கு, ஆதாரத்துக்கு அல்ல.

டிராக்

சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைதான் டிராக். டைகரின் டிராக் கனமானது. மேல்பக்கம் தொய்ந்து சக்கரங்கள் மேல் படுத்திருக்கும். விறைப்பாக இழுத்து ஒட்டினால் பொம்மைக் கடை டாங்கிதான். ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை மேலே அடைத்து, பசை காயும்வரை அழுத்தி வையுங்கள். பிறகு மறக்காமல் பஞ்சை எடுங்கள். என்னுடைய ஒன்றில் அது இன்னும் உள்ளே இருக்கிறது.