மாதரியின் வாயிலாகக் கண்ணகி கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதை சொல்லும் திறன் இயல்பாகவே வாய்த்துவிடுகிறது; ஆனால் சிலப்பதிகாரத்தை அதன் சிறு பாத்திரங்களின் வாயிலாகத் திரும்ப எழுத உட்காரும்போது அந்தப் பழக்கமே காலை வாரிவிடுகிறது. வில்லடிக்கும் அண்ணாவிக்குக் கதை முழுவதும் தெரியும்; மதுரைக்கு வந்த கண்ணகிக்கும் கோவலனுக்கும் இடம் கொடுத்த ஆயர் முதுமகள் மாதரிக்குத் தெரியாது. நாகர்கோவிலில் இளைஞர்களின் கதைகளைத் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் தவறு இதுதான்: அடைக்கலமாக வந்தவளைக் கண்டதுமே, மதுரையை எரிக்கப்போகிறவள் இவள் என்று மாதரி உள்ளுக்குள் நடுங்குகிறாள்.

நூலில் அவள் நடுங்கவில்லை. ஆயர்பாடியில் கண்ணகிக்குச் சமைக்கக் கலங்களும், வெள்ளரிக்காயும், மாதுளங்காயும், வாழைப்பழமும், சாலி அரிசியும் கொடுக்கிறார்கள். பிறகு குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ‘வருவதொன்றுண்டு’ என்பதுவரைதான் அவர்களுக்குத் தெரிகிறது. யாருக்கு வரும் என்பது தெரியாது. தீங்கு நீங்க ஆய்ச்சியர் ஆடிய குரவைக் கூத்து முடிந்ததும் மாதரி பூவும் புகையும் எடுத்துக்கொண்டு வையைக்குப் போய்விடுகிறாள். கோவலன் கொலையுண்டதாக ஊரில் எழுந்த பேச்சைக் கேட்டு விரைந்து வந்த வேறொருத்திதான், பெயர்கூட இல்லாதவள், வாய் திறக்க முடியாமல் கண்ணகியின் முன் நிற்கிறாள். மாதரி கரையேறி வீடு திரும்பிய வழியை இளங்கோவடிகள் விரித்துச் சொல்லவில்லை. எழுதுகிறவருக்கு உரிய இடம் அதுவே என்பேன்.

கோவலன்மேல் சிலம்புத் திருட்டுப் பழியைச் சுமத்திய பொற்கொல்லனுக்கு வறுமையைக் கற்பித்து அவன் குற்றத்தைக் கழுவிவிடுவதும் தவறுதான், ஏனெனில் நூறு கொல்லர் பின்தொடர வருகிறவனுக்கு வறுமை ஒட்டாது. கொலைக்களத்திலும், கோவலனை வெட்டிய களிமகனைவிட (குடிவெறியனைவிட), ‘கொலைப்படு மகன் அலன்’, அதாவது கொல்லப்படத் தக்கவன் அல்லன், என்று சொல்லியும் தடுக்காமல் நின்ற காவலர்களிடமே எழுதத் தக்க வேதனை இருக்கிறது.

நடையைப் பொறுத்தவரை, மாதரி நம்மூர்த் தமிழில் பேசுவதில் பிழையில்லை. அழுகை வரும்போது மட்டும் அவள் செய்யுளுக்குத் தாவக் கூடாது.

இறுதியாக, மாதரியையே ‘நான்’ என்று பேசவைப்பவர்கள் அவள் முடிவை மறந்துவிடுகிறார்கள். அடைக்கலத்தை இழந்தேன் என்று நள்ளிரவில் அவள் தீப்புகுந்த செய்தி, நீர்ப்படைக் காதையில் மாடலன் என்னும் மறையோன் சொல்லும் சில அடிகளில்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்த இரவுக்குப் பிறகும் பேசக்கூடியவள் அவள் மகள் ஐயை. கண்ணகியோடு அடுப்படியில் இருந்தவளும், தாயை இழந்தபின் கண்ணகியின் தோழி தேவந்தியோடு வஞ்சி வரை சென்று சேர மன்னன் செங்குட்டுவன் முன் நின்றவளும் அவளே.