டிரக்கார் நுவார்: வீச்சு அதிகமுள்ள சென்டை அளவோடு போடுவது எப்படி?

நல்ல சென்ட் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பி, ஷனேல், டியோர் விலையைப் பார்த்துத் திரும்பி வந்த ஆண்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் டிரக்கார் நுவார். பாரிஸில் 1957-இல் கி லாரோஷ் தொடங்கிய ஆடை நிறுவனத்தின் பெயரில் வருவது. பியேர் வார்ன்யே உருவாக்கிய இது 1982-இல் விற்பனைக்கு வந்தது. விலை அந்தப் பெரிய பெயர்களில் பாதிகூட வராது. ஆனால் வீச்சு அதிகம், அதனால் போடும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை, கடையில் டெஸ்டர் அட்டையில் ஒருமுறை அடித்துப் பார்ப்பது. உடனே மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள். முதலில் எலுமிச்சையும் லாவண்டரும் தூக்கலாக வரும், கூடவே அப்போதுதான் சோப்புப் போட்டுக் குளித்தது போன்ற ஒரு கூர்மையான சுத்தம். அதைத் தருவது டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருள். அதற்கு முன் சோப்பிலும் சலவைத்தூளிலும்தான் அது அதிகம் புழங்கியது. வார்ன்யே அதை இதில் சுமார் 10 சதவீதம் சேர்த்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். பின்னால் வந்த பல ஆண்கள் சென்ட்களுக்கு அதுவே வழி காட்டியது.

அட்டையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். மணிக்கட்டுகளை உரசாதீர்கள், சூட்டில் முதலில் வரும் வாசனை சீக்கிரம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள். எலுமிச்சை போயிருக்கும், ஓக் மரப்பாசி, பச்சிலை (பேட்சூலி), பதனிட்ட தோல் வாசனை தெரியும். மாலைவரை உங்கள் கூடவே இருக்கப்போவது இதுதான், ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். தோலில் அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. குளித்து, உடம்பு துடைத்தபின், வாசனையில்லாத கிரீம் கொஞ்சம் தடவினால் சென்ட் நன்றாகப் பிடிக்கும். ஒரு சாண் தூரத்திலிருந்து நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. அலுவலகத்துக்கு என்றால் நெஞ்சில் மட்டும், அதற்கு மேல் சட்டை. வெயில் நேரத்தில் வாசனை இன்னும் எழும்பும், அப்போதும் ஒன்றே போதும். அரை மணி நேரத்தில் உங்களுக்கு வாசனை தெரியாமல் போகலாம். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். மறுபடி அடிக்காதீர்கள். இந்த சென்டுக்குக் கெட்ட பெயர் வருவதே அந்த இரண்டாவது சுற்றால்தான்.

பழைய பாட்டில்தான் அசல் என்று தேடி அலைபவர்கள் உண்டு. மரப்பாசியில் ஒவ்வாமை தரும் இரண்டு பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டதால் இப்போதையது கொஞ்சம் மென்மையாக இருப்பது உண்மைதான். புதிதாகத் தொடங்குபவருக்கு இது தாராளமாகப் போதும். பழையதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

போலியில் ஏமாறாமல் இருக்க, வாங்கும்போது பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) பாட்டிலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அப்புறம், பாட்டிலைக் குளியலறையில் வைக்க வேண்டாம். வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில், பெட்டியோடு வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.