துணைக்கு உட்காரும் அம்மாக்களுக்கு

ஜூன் பிறந்தால் எங்கள் வட்டார வள மையத்தில் (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உதவும் அரசு மையம்), பிசியோதெரபி நாளன்று, புது அம்மாக்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். என் மகனுக்கு மூளை முடக்குவாதம். இப்போது பத்தாம் வகுப்பு. அந்தப் புது அம்மாக்கள் பேசுவதைக் கேட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய நான் பேசுவது போலவே இருக்கிறது. அடையாள அட்டை வாங்குங்கள், மாத்திரை நேரத்தை டீச்சரிடம் சொல்லுங்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதை விடுகிறேன். நம்மைப் போன்ற அம்மாக்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"நீங்களும் கூட உட்காருங்க" என்றதும் தலையாட்டுவது

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளி போட்ட நிபந்தனை இது. சீட் கிடைத்ததே பெரிது என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு வருடம் கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினேன், நோட்டு எழுதினேன், ஊட்டிவிட்டேன். டீச்சர் அவனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். பிள்ளைகளும் அப்படித்தான்: "ஆன்ட்டி, அவன் சாப்பிட்டானா?" அவனுக்கு ஒரு கூட்டாளி கிடையாது, எனக்கு வகுப்பு முழுக்கக் கூட்டாளிகள்.

மூன்றாம் வகுப்பில் மாமியாருக்கு ஆபரேஷன். பத்து நாள் நான் போகவில்லை. மதியம் அவன் அப்பா போய் பாத்ரூம் மட்டும் கூட்டிப்போய்விட்டு வந்தார். பிறகு ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அவன் டிபன் பாக்ஸைத் திறந்து தர இரண்டு பையன்களுக்குள் சண்டை. யார் முறை என்று இவன் நாட்டாமை செய்துகொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு குழறும். அவர்களுக்கு அது புரிந்துதான் இருந்தது. வயிறு எரிந்தது, என் மேலேயே. இன்றும் எரிகிறது.

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தைக் குழந்தை பயன்படுத்தும்படி வைக்க வேண்டும், தேவைக்கேற்ற வசதி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அம்மா கூடவே உட்கார வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பள்ளியின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது? சரி, அதை மட்டும் பேசுங்கள். கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், ஆயாம்மா. பேசியதைத் தலைமையாசிரியருக்கு மனுவாக எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு டீச்சர் மாறும்வரைதான்.

தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது

பாத்ரூம் தொல்லை இருக்காதே என்று நானும் செய்தேன். மிச்சம், மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்.

விளையாட்டு விழாவன்று லீவு

போடாதீர்கள். விளையாட்டும் அதே 16ஆம் பிரிவில் இருக்கிறது.

"பத்தாவது வரட்டும், பார்த்துக்கலாம்"

சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்ற பொதுத்தேர்வுச் சலுகைகள் எதுவும் தேர்வு நெருங்கியதும் கேட்டால் நடக்காது. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், இன்னொருவர் கையால் எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். என் மகன் இப்போதுதான் பழகுகிறான். போன வாரம் மாதிரித் தேர்வு முடிந்து வந்ததும் முதல் புகார்: "நான் அடிக்கோடு போடச் சொன்னேன்மா, அந்த அண்ணன் போடவே இல்ல."