மலைச்சரிவை ஒட்டிக் கிளைடர் ஓட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தெற்கு ஆல்ப்ஸில், துரான்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள மலைகளை ஒட்டிக் கிளைடர்கள் மணிக்கணக்கில் பறக்கின்றன. சரிவில் மோதி மேலெழும் காற்றுதான் என்ஜின் இல்லாத இந்த விமானங்களைத் தாங்குகிறது. அந்தக் காற்று பெரும்பாலும் சரிவுக்கு அருகிலேயே வலுவாக இருப்பதால், இன்னும் கொஞ்சம் நெருங்கலாமே என்ற ஆசை எழுகிறது. தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, வேகத்தைக் கண்ணால் அளப்பது. எதிரே மலை உயர்ந்து நிற்கும்போது உண்மையான அடிவானம் மறைந்துவிடுவதால், விமானி முகட்டின் விளிம்பையே அடிவானமாக எடுத்துக்கொண்டு, தன்னை அறியாமல் மூக்கை உயர்த்துகிறார். பக்கத்தில் மரங்கள் விரைந்து ஓடுவதைப் பார்த்து வேகம் போதும் என்றும் நினைத்துவிடுகிறார். நேராகப் பறக்கையில் மணிக்கு 70 கி.மீ.க்குக் கீழே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஒரு கிளைடர், 45 பாகை சாய்ந்து திரும்பும்போது 83 கி.மீ.யிலேயே ஸ்டால் ஆகிவிடும். மலையருகே காற்று குலுங்குவதையும் சேர்த்தால் இதற்கு மேலும் கணிசமான இருப்பு வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, முகட்டுக்குக் கீழே இருக்கும்போதே முழு வட்டம் அடிப்பது. 100 கி.மீ. வேகத்தில் 45 பாகை சாய்வில் ஒரு வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 80 மீட்டர். அதை முடிக்க 18 விநாடி பிடிக்கும். சரிவை நோக்கி 30 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று அதற்குள் கிளைடரை 150 மீட்டர் மலைப்பக்கம் தள்ளிவிடும். 3000 மீட்டர் உயரத்தில், வேகமானி அதே 100-ஐக் காட்டினாலும், மெல்லிய காற்றில் உண்மை வேகம் கூடுவதால் ஆரம் 105 மீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே முகட்டுக்கு மேலே தாராளமான உயரம் கிடைக்கும்வரை ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு வெளிப்பக்கமாக, எட்டு வடிவில் இருக்க வேண்டும்.

அந்தத் திருப்பத்திலும், சீக்கிரம் விலக வேண்டும் என்ற பதற்றத்தில் சாய்வைக் குறைத்துச் சுக்கானை மட்டும் மிதிப்பவர்கள் உண்டு. கண்ணாடி மூடியின் மேல் ஒட்டிய கம்பளி நூலின் நுனி திருப்பத்தின் உட்பக்கம் ஒதுங்கினால், சுக்கான் மிகையாகிவிட்டது என்று பொருள். குறைந்த வேகத்தில் அந்த நிலை நீடித்தால் கிளைடர் சுழன்று விழும்; மலையருகே மீட்க உயரம் இருக்காது.

எதிரெதிரே வரும் இருவரில், மலை வலப்பக்கம் உள்ளவர் வலப்புறம் ஒதுங்க இயலாது. மலை இடப்பக்கம் உள்ளவரே விலக வேண்டும். அருகில் பறக்கும் மற்ற கிளைடர்களின் சமிக்ஞையைப் பெற்று எச்சரிக்கும் ஃபிளார்ம் கருவியை மட்டும் நம்பவும் கூடாது. மலைக்கு மறுபுறம் இருப்பவரின் சமிக்ஞை அதை எட்டாது.

முகட்டைக் கடக்கும்போது அதை நேருக்கு நேராக நோக்கிப் பாய்வதும் தவறே. காற்று நேரடியாகப் படாத மறைவுப் பக்கத்திலிருந்து கிளைடர் வந்தால், முகட்டை நெருங்க நெருங்கக் கீழிறங்கும் காற்று அழுத்தும். 45 பாகை கோணத்தில் அணுகினால் சிறு திருப்பத்திலேயே பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிடலாம். முகட்டுக்கு அப்பால் தெரியும் நிலம் கூடிக்கொண்டே வந்தால் கடந்துவிடலாம். குறைந்துகொண்டே வந்தால், அதைக் கண்ட அந்த நொடியிலேயே திரும்ப வேண்டும்.