மெகாவாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பசுமை மின்சார இலக்கைச் சரிபார்ப்பது எப்படி

இந்தியாவின் மின் நிறுவுதிறனில், அதாவது நிலையங்கள் முழு வீச்சில் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது ஆகிவிட்டது என்று 2025 நடுவில் செய்தி வந்தது. உண்மைதான், சந்தோஷமான விஷயமும்கூட. ஆனால் நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பாதி அப்படி வருகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்னும் பத்தில் ஏழு பங்கு நிலக்கரிதான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, சொல்வது மெகாவாட்டா யூனிட்டா என்று. மெகாவாட் என்பது திறன், யூனிட் என்பது உண்மையில் உற்பத்தியான மின்சாரம். 1 கிலோவாட் சோலார் தகடு நம் வெயிலில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதே 1 கிலோவாட் அனல் மின் நிலையத்தில் என்றால் 14, 15 யூனிட் வரும். மத்திய மின்சார ஆணையத்தின் தளத்தில் நிறுவுதிறன் அறிக்கையும் உற்பத்தி அறிக்கையும் மாதாமாதம் தனித்தனியாக வருகின்றன. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கணக்கில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள்? பசுமை மின்சாரம் 2022க்குள் 175 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் 1000 மெகாவாட்) என்று மத்திய அரசு இலக்கு வைத்ததே, அதில் சூரிய சக்தி 100, காற்று 60, உயிரிப்பொருள் 10, சிறு புனல் மின் நிலையங்கள் 5. பெரிய அணைகள் கிடையாது. அந்த ஆண்டு முடிவில் வந்தது சுமார் 121. அணைகளைச் சேர்த்தால் 167 என்று காட்டலாம், கிட்டத்தட்ட எட்டிவிட்ட மாதிரி இருக்கும். 2030க்கான புது இலக்கு 500 ஜிகாவாட், அதில் பெரிய அணைகளும் அணுமின்சாரமும் அடக்கம், ஆகவே பழைய இலக்கோடு அதை அப்படியே ஒப்பிடக் கூடாது.

மொத்தத்தை உடைத்துப் பார்ப்பதுதான் முக்கியம், எங்கே சிக்கியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். சூரிய சக்தியின் 100இல் 40 வீட்டுக் கூரைகளிலும் கட்டடங்களிலும் வர வேண்டியது, 2022 முடிவில் அதில் கால்வாசிகூட வரவில்லை. அதிகம் கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர் கூரையில் சோலார் போட்டுக்கொண்டால் மின் வாரியத்துக்கு வருமானம் போகும், அப்புறம் கூரையிலிருந்து வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் கணக்கில் கழிக்கும் நெட் மீட்டரைக் கொடுக்க யார் அவசரப்படுவார்கள்? 2024இல் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. காற்றில் வேறு கதை. 2017இல் அரசு நிர்ணயித்த நிலையான விலை போய், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலம் வந்ததும் ஓர் ஆண்டில் கூடும் புதுக் காற்றாலைகள் 5.5 ஜிகாவாட்டிலிருந்து மறு ஆண்டே 1.8க்கு விழுந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் 250 கிலோவாட் அளவிலான பழைய சின்னக் காற்றாலைகளை இன்றும் பார்க்கலாம். நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கிற இடத்தை அவை பிடித்துக்கொண்டு நிற்கின்றன, அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைப்பதில் இத்தனை தாமதம் ஆவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏலம் விட்டாச்சு என்ற செய்தியை உற்பத்தியாக எண்ண வேண்டாம். மின்சாரத்தை வாங்க மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டனவா, மின்பாதை வந்துவிட்டதா என்று தேடுங்கள். ராஜஸ்தானில் நட்டநடு மதியம் தகடுகள் தயாராக இருந்தும், கொண்டுபோகப் பாதை போதாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். நிலக்கரி, எரிவாயு சாராத திறன் 2025 ஜூனில் இருந்தது சுமார் 243 ஜிகாவாட். 500க்கு மீதி 257, கையில் இருந்தது ஐந்தரை ஆண்டு, அப்படியென்றால் ஆண்டுக்குச் சுமார் 47 ஜிகாவாட் புதிதாகச் சேர வேண்டும். 2024-25இல் கூடியது சுமார் 30. ஒவ்வொரு ஏப்ரலிலும் புது எண்களைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள், உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி அதிலேயே கிடைக்கும்.