புதினா வோட்கா பழுப்பாகாமல் இருக்க

வோட்காவில் ஊறவைத்த புதினா மறுநாளே பழுப்பேறிவிடும். மணம் மங்கி, கசப்புதான் முந்தி நிற்கும். வோட்காவை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. காரணம் இலையில் இருந்தது. இலை கசங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தைக் கெடுக்கிறது.

தண்டை நீக்கிவிட்டு, இலைகளைக் கொதிநீரில் 10 விநாடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டேன். அந்தச் சூட்டில் நொதி அடங்கிவிடுகிறது. பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தேன். அலுத்துக்கொள்ளாமல் செய்ய வேண்டிய வேலை இது, இல்லாவிட்டால் வோட்கா நீர்த்துவிடும். 40 சதவீத ஆல்கஹால் உள்ளதை, ஓர் இலைகூட மேலே மிதக்காதபடி புட்டியின் கழுத்துவரை ஊற்றி, இருட்டில் வைத்தேன். வெளிச்சம் பச்சையத்தைச் சிதைக்கும்.

சூட்சுமமே நேரத்தில்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். மணம் நிறைந்து, கசப்பு தலைகாட்டும் முன்பே வடித்துவிட வேண்டும். காபி வடிதாளில் தானாகச் சொட்டட்டும். இலையைப் பிழிந்தால் கசப்பும் கலங்கலும் சேர்ந்தே இறங்கும். புதினாவுக்குப் பதில் ரோஸ்மேரி என்ற மூலிகையை ஊறவைப்பதென்றால் சிறு கொத்தே போதும், அதன் வீரியம் அப்படி.