பல்செட் பிளாஸ்டரில் கட்டெறும்புக்கு ஒரு வீடு

ஈரோட்டில் பல்செட் செய்யும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. பத்தொன்பது வருடமாக பிளாஸ்டரோடுதான் பிழைப்பு. அதனால் எறும்புக்குக் கூடு செய்ய உட்கார்ந்தபோது, இது நமக்கெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புதான் முதல் கூட்டைக் கெடுத்தது.

லேப்பில் இரண்டு பொடி இருக்கும். ஒன்று சாதா வெள்ளைப் பிளாஸ்டர். இன்னொன்று ஸ்டோன் என்று சொல்லும் மஞ்சள் பொடி, காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். நல்லதாகச் செய்வோமே என்று ஸ்டோனில் ஊற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது தண்ணீரைச் சரியாக இழுக்கவில்லை. கூட்டை ஈரமாக வைக்க மேலே ஒரு குழி விட்டிருந்தேன். ஊற்றிய தண்ணீர் அந்தக் குழியிலேயே நின்றது, எறும்பு இருக்கும் அறைகள் காய்ந்து கிடந்தன. போதவில்லையோ என்று இன்னும் ஊற்ற, ஓரமாகக் கசிந்து கண்ணாடியில் முத்து முத்தாக நின்றது. புழுக்களில் பாதி அந்தத் துளிகளில் ஒட்டிச் செத்தன. எறும்புக் கூடு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அதற்கு விலை குறைந்த வெள்ளைப் பிளாஸ்டர்தான் சரி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸே போதும்.

கூட்டுக்கு முன்னால் ராணி வேண்டும். நான் வளர்ப்பது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ், நம் வீட்டு வாசலில் ஓடும் அதே பெரிய கருப்புக் கட்டெறும்புதான். கோடை மழை பெய்த ஒரு ராத்திரி, மாடிப்படி டியூப்லைட்டுக்குக் கீழே இறக்கையைக் கழற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எறும்பைவிட நெஞ்சுப் பகுதி நன்றாகப் புடைத்திருக்கும், பார்த்தாலே தெரியும். ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பஞ்சை இறுக்கி அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயிலும் பஞ்சு வைத்து அலமாரிக்குள் இருட்டில் வைத்துவிட்டேன். சாப்பாடு வேண்டாம். பறப்பதற்கு வைத்திருந்த தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும். தினமும் எடுத்துப் பார்க்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும். எனக்கு முதல் எறும்பு வெளிவர 40 நாள் கிட்ட ஆனது.

வீட்டில் ஒரே சண்டை. “ஏனுங்க, நான் எறும்பு வருதுன்னு மஞ்சத்தூள் போட்டுட்டு இருக்கறேன், நீங்க கண்ணாடிக்குள்ள வெச்சு சோறு போடறீங்களா?” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியாத கேள்வி.

சரி, கூடு. 15க்கு 10 சென்டிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே லேசாக வாஸ்லின் தடவுங்கள். அறைகளும் வழிகளும் எங்கே வர வேண்டுமோ அங்கே அதே வடிவத்தில் மெழுகை வெட்டி அடிப்பாகத்தில் ஒட்ட வேண்டும். நான் மாடலிங் வாக்ஸ் தகடுகளை அடுக்கி 10 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பெரிய தலை எறும்புகள் வந்த பிறகு அந்த உயரம் தேவைப்படும். வாக்ஸ் இல்லாதவர்கள் குழந்தைகள் விளையாடும் கிளேயை வைத்துச் செய்யலாம், வித்தியாசம் ஒன்றும் இல்லை. நான்கு அறை போதும், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒரு வழி மட்டும் பெட்டியின் சுவரைத் தொட வேண்டும், அதுதான் வாசல். ஒரு கோடியில் மட்டும், அறைக்குப் பக்கத்தில், பாட்டில் மூடி ஒன்றையும் அடிப்பாகத்தில் கவிழ்த்து ஒட்டுங்கள்.

கலக்கும் அளவு, 100 கிராம் பொடிக்கு 50 மில்லி தண்ணீர். இந்தப் பெட்டியில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு 450 கிராம் பொடியும் 225 மில்லி தண்ணீரும் எனக்குச் சரியாக இருந்தது. தண்ணீரில்தான் பொடியைப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. லேப்புக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான், முதல் நாளே தப்பாகச் செய்வதும் இதைத்தான். பொடி தானாக நனைந்து அமிழும்வரை அரை நிமிடம் விட்டு, பிறகு ஓரத்தோடு தேய்த்துக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி ஏறும். பெட்டியின் ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஊற்றி, பிளாஸ்டர் தானாக ஓடி மெழுகைச் சுற்றி நிரம்ப விடுங்கள். எங்களிடம் குமிழியை விரட்ட வைப்ரேட்டர் இருக்கிறது. வீட்டில் பெட்டியை மேஜையில் டொக் டொக்கென்று தட்டினாலே போதும்.

பாட்டில் மூடியை எதற்கு ஒட்டினோம் என்றால், அதை எடுத்த பிறகு அங்கே ஒரு குழி இருக்கும். தண்ணீர் ஊற்றும் குழி அதுதான். குழிக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டர் இருக்கட்டும். இந்தக் கோடி ஈரம், எதிர்க்கோடி காய்ந்த பக்கம். கூட்டின் சூட்சுமமே இவ்வளவுதான். முழுவதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், ஊறிய பிளாஸ்டரைக் கட்டெறும்பு கடித்துக் குடையவும் செய்யும்.

பிளாஸ்டர் சூடாகும், பயப்பட வேண்டாம். சூடு அடங்கிய பிறகு கவிழ்த்துத் தட்டி எடுங்கள். மெழுகு போன இடம் சுத்தமாக இருக்க, கொதிநீரை இரண்டு தரம் ஊற்றிக் கழுவுங்கள். மெழுகுப் படலம் தங்கினால் அந்த இடம் ஈரம் இழுக்காது. கிளே என்றால் குச்சியால் நோண்டி எடுத்துவிடலாம். பிறகு கண்ணாடி வைக்கும் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததா என்று கையால் தொட்டால் ஏமாந்துவிடுவோம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் இருக்கும்வரை சில்லென்று இருக்கும். எனக்கு ஐந்து நாள் ஆனது.

குழியை மட்டும் விட்டுவிட்டு மேலே மூட 3 மில்லிமீட்டர் கண்ணாடி. ஃபோட்டோ ஃபிரேம் கடையில் அளவு சொன்னால் வெட்டி, ஓரம் தேய்த்துத் தருவார்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், இரண்டு ரப்பர் பேண்டு போதும். என்றாவது திறக்க வேண்டி வரும். கண்ணாடி மேல் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர். எறும்புக்குச் சிவப்பு கிட்டத்தட்ட இருட்டு மாதிரிதான். இங்கிலாந்தின் இயற்கை ஆராய்ச்சியாளர் ஜான் லப்பக் 19ஆம் நூற்றாண்டிலேயே கூட்டின் மேல் கலர் கலராகக் கண்ணாடித் துண்டுகளை வைத்துப் பார்த்தார். ஊதாவை விட்டு ஓடிய எறும்புகள் சிவப்புக்கு அடியில் கூடின. அவர் வளர்த்த ராணி ஒன்று 14 வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. வளர்க்க இறங்குகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

கூட்டையும் தீனி போடும் டப்பாவையும் இணைக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்தான் வசதி. மீன்தொட்டி டியூபில் ராணி நுழையாது. டப்பா மூடி இல்லாமல் இருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கச் சுகம், ஆனால் ஏறி வந்துவிடும். டால்கம் பவுடரைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்து மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் பூசுங்கள். ஸ்பிரிட் ஆவியாகிப் போனதும் மாவு மட்டும் நிற்கும், எறும்புக்குக் கால் வழுக்கும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன், ஈரோட்டு வெயிலில் பத்து நிமிடத்தில் வழிந்து அடியில் நின்றது. பவுடர் மேல் முழு நம்பிக்கை வராததால், டப்பாவையே தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறேன். பலகாரச் சம்படத்தை எறும்பிடமிருந்து காப்பாற்றும் அதே வித்தை, தலைகீழாக.

பத்துப் பதினைந்து எறும்பு சேரும்வரை டெஸ்ட் டியூபை விட்டு மாற்றாதீர்கள். ஆறு எறும்பு இருக்கும்போதே நான் அவசரப்பட்டேன். ஒரு அறையில் ஒடுங்கிக்கொண்டு, மற்ற மூன்றையும் குப்பைக் கிடங்காக்கிவிட்டன. மாற்றும்போதும் தட்டிக் கொட்ட வேண்டாம். டியூபின் வாயைக் கூட்டோடு இணைத்து, டியூபை மட்டும் வெளிச்சத்தில் வையுங்கள். தானாகப் போகும்.

இரண்டாவது கூட்டுக்கு அவை குடிபோக ஒன்பது நாள் ஆனது. எட்டு நாள் ஒருத்தி மட்டும் போய்ப் போய் வந்தாள். ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன், டார்ச்சில் சிவப்புப் பேப்பரைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். முட்டைகளைக் கொத்தாகக் கவ்விக்கொண்டு ஈர அறைக்குப் போனார்கள். அரிசி அளவு பழுப்புக் கூடுகளை, பலர் முட்டை என்று நினைப்பது அந்தக் கூட்டுப்புழுக்களைத்தான், காய்ந்த அறைக்குத் தூக்கிப்போய் சுவரோரம் அடுக்கினார்கள். ஒருத்தி தெரியாமல் ஒன்றை ஈரப்பக்கம் வைத்தாள். இன்னொருத்தி வந்து மீசையால் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துப்போய்விட்டாள்.

தீனி பெரிய விஷயமில்லை. கருப்பட்டித் தண்ணீர் ஒரு சொட்டு, வாரம் இரண்டு முறை நசுக்கிய பூச்சி. மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். பூச்சிமருந்து அடித்துச் செத்த கரப்பானைப் போட்டால் கூடே காலி. கூடு இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் லிக்விடும் கூடாது, அதிலிருப்பதும் பூச்சிமருந்துதான். எங்கள் வீட்டில் அதனால் கூடு இப்போது பூஜை அறைக்குப் பக்கத்துத் திண்டில் இருக்கிறது. குழிக்குத் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தரம், சிரிஞ்சில் 5 மில்லி. போன வாரம் நான் சேலம் போயிருந்தபோது ஃபோன் வந்தது: “ஏனுங்க, அஞ்சு மில்லின்னா எந்தக் கோடு வரைக்கும்?”